பத்தாயப்புரை எஞ்சின்

எங்கள் வீட்டில் ஒரு டிராக்டர் எஞ்சினைப் பத்தாயப்புரைக்குள் வைத்துப் பிரித்து மாட்டினார்கள் என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நெல் கொட்டி வைக்கிற அறையில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அம்மாவும் தினமும் அதையேதான் கேட்டாள்.

மலையடிவாரத்து எஸ்டேட் ஒன்று கழித்துப் போட்ட டிராக்டரை அப்பா வாங்கியிருந்தார். உழுவதற்கு வாங்கிய வண்டியை மாடுகள் இழுத்து வருகின்றனவே என்று பாறசாலை முழுக்கச் சிரித்ததாம். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த சித்தப்பா எஞ்சினை மட்டும் கழற்றி, மழைக்குப் பயந்து, பத்தாயப்புரையில் பலாக்கட்டைகள்மேல் ஏற்றி வைத்தார். வண்டியின் மிச்சம் முற்றத்தில் கோழிகளுக்குக் கூடாயிற்று.

அது எல்லைப் போராட்டக் காலம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊரூராகக் கூட்டம் நடந்தது. எங்கள் வீட்டில் கொஞ்சுவது தமிழில், சண்டை போடுவது மலையாளத்தில். நாங்கள் எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு கூட்டத்தில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூட இருந்த சித்தப்பா தப்பி வந்து பத்தாயப்புரை மச்சில் ஏறிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து உள்ளே போய்விட்டால் வயலைப் பார்க்க ஆளில்லை. சித்தப்பா இருப்பதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். மச்சுக்கு மேலே ஓடுதான். எலி ஓடினால்கூடக் கடகடவென்று முற்றம்வரை கேட்கும். அதனால் சித்தப்பா மேலே இருக்கும்போது புரண்டுகூடப் படுக்கமாட்டார்.

பகலில் வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு அவரை இறங்க விடுவோம். கை சும்மா இருக்காத மனிதர், எஞ்சினைப் பிரிக்க ஆரம்பித்தார். கூரையின் கண்ணாடி ஓடு வழியாக ஒரு துண்டு வெயில் விழும். அது நகர நகர சித்தப்பாவும் நகர்ந்து உட்காருவார். பிஸ்டன்கள் சுளவில், வால்வுகள் ஓலைக் கடவத்தில், அம்மாவின் கல்யாணத்து உருளியில் மண்ணெண்ணெயும் போல்ட்டுகளும். சோற்றில்கூட மண்ணெண்ணெய் மணந்தது. அம்மா திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, எது எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுப்பாள். செம்பு கேஸ்கட்டைக் கிழங்கு வேகிற அடுப்பிலேயே சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்கியவளும் அவள்தான். சித்தப்பா வால்வை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மத்து கடைவதுபோல உருட்டித் தேய்ப்பார். கிர்ர், கிர்ர் என்ற அந்தச் சத்தத்தில் பத்தாயத்தில் சாய்ந்து நான் உறங்கிப்போவேன். கண் விழித்தால் வெயில் சுவரில் ஏறியிருக்கும், அவர் அப்படியே தேய்த்துக்கொண்டிருப்பார். இப்போதும் எனக்கு உறக்கம் வராவிட்டால் அந்தச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் மாட்டி முடித்தாயிற்று. ஓட்டத்தான் வழியில்லை. அந்த எஞ்சினுக்கு உயிர் வந்தால் சித்தப்பா வந்துவிட்டார் என்று ஊருக்கே தெரிந்துபோகும். ரேடியேட்டர் வேறு முற்றத்து வண்டியிலேயே இருந்தது. தண்ணீர் ஓடாமல் கொஞ்ச நேரம் விட்டாலும் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும், பிறகு அது வெறும் இரும்பு என்று சித்தப்பா சொல்லியிருந்தார். நிறுத்துகிற பித்தளைப் பொத்தானைக் காட்டி, அதில் மட்டும் கை வைக்காதே என்றும் சொல்லியிருந்தார். ஹேண்டிலை மெதுவாகச் சுற்றி, ஒரு குச்சியின் ஒரு நுனியை எஞ்சினிலும் மறுநுனியைக் காதிலும் வைத்து உள்ளே கேட்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அந்த எஞ்சின்மேல் அவ்வளவு பிரியம்.

ஒரு மத்தியானம் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சித்தப்பா மச்சில் ஏறிவிட்டார். ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்குள் தேட, ஏட்டு பத்தாயப்புரைக்குள் நுழைந்து, எண்ணெய் மினுங்கிய எஞ்சினைத் தடவிப் பார்த்தார். விரலில் புது எண்ணெய்.

“இத யாரு கூட்டிச் சேத்தது?”

“நானாக்கும்,” என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏட்டுக்கும் வந்தது.

“அப்படின்னா ஓட்டிக் காட்டுங்க, பாக்கட்டு.”

அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். குப்பியிலிருந்த பெட்ரோலை ஊற்றினாள். சித்தப்பா பிடிப்பதுபோலவே பெருவிரலை மடக்காமல் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினாள். முதலில் இருமியது. இன்னொரு தடவை சுற்றியதும் உதறிக்கொண்டு எழுந்தது. அம்மாடி, என்ன சத்தம்! பத்தாயப் பலகை அதிர்ந்தது, அடுக்களையில் செம்பும் தட்டும் உருண்டன, புகையில் ஏட்டு இருமினார். போலீஸ்காரர்கள் தேடுவதை விட்டுவிட்டு ஓடிவந்து வாய் பிளந்து நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை கொஞ்ச நேரம்தான். கருகுகிற வாடை வந்தது. ஏட்டு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அம்மா பார்க்காததுபோல நின்றாள். பாவம், அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

“வெள்ளம் இல்லாம ஓட்டப்பிடாது அம்மா!” என்று கத்திக்கொண்டு பொத்தானை அமுக்க ஓடினேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டு, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுத்தாள். அதுவரை என்னை அடித்ததே இல்லை. நான் அழுதது எனக்கே கேட்கவில்லை. எஞ்சின் கிறீச்சென்று ஒரு கத்தல் கத்தி, ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அதற்குப் பிறகு அது அசையவே இல்லை.

போலீஸ்காரர்கள் ஏணி வைத்து மச்சில் ஏறினார்கள். ஒரு பாயும் தேங்காயும்தான் கிடக்கின்றன என்று இறங்கி வந்தார்கள். அவர்கள் போனதும் அம்மாவைப் பற்றிப் புகார் சொல்ல நான் மேலே ஏறினேன். பின்பக்கம் ஓடுகள் விலகியிருந்தன. அந்தச் சந்தில் வாழைத்தோப்பும் அதற்கப்பால் தண்ணீர் ஓடுகிற தோடும் தெரிந்தன. சித்தப்பா இல்லை. எஞ்சினைக் கெடுத்ததால் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். அம்மாவை மன்னிக்கவே இல்லை.

எல்லையைப் பிரித்து, நாங்கள் கேரளத்திலேயே நின்றுபோய், வழக்குகளும் ஓய்ந்து, அப்பாவும் விடுதலையானபிறகு சித்தப்பா திரும்பி வந்தார். நேராகப் பத்தாயப்புரைக்குப் போய் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார். அசையவில்லை. இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன். நான் நிறுத்தத்தான் போனேன், அம்மாதான் அடித்து விரட்டினாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“நல்லா ஓடிச்சு மைனி. தோடு தாண்டுற வரைக்கும் கேட்டுது,” என்றார் சித்தப்பா. பிறகு குனிந்து அம்மாவின் காலைத் தொட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அருமையான எஞ்சினைக் கெடுத்தவள் காலில் யாராவது விழுவார்களா? அன்று முழுக்க நான் இரண்டு பேரிடமும் பேசவில்லை.