நான் நிரப்பிய படிவம்

கென்யாவின் வனப்பூங்காவில் சிங்கம் பார்க்க வேண்டும் என்பது என் இருபது வருட ஆசை. ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க ஆறு மாதமாக அதன் வரைபடம்தான். எந்த மாதம் எந்த ஆற்றை வரிக்குதிரைகள் கடக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமல் அங்கே போய்வர முடியாது. கிளினிக்கில் வழக்கம்போல் மனைவியின் படிவத்தையும் நானே நிரப்பினேன். நோய் உண்டா, மருந்து உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

தாதி அதை ஓரமாக வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அக்கா, மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?"

"இல்லைலா," என்றேன் நான்.

"அண்ணே, அவங்க சொல்லட்டும்."

மனைவி மடியிலிருந்த தன் விரல்களையே பார்த்தாள். "எட்டு மாசமா மூட்டுக்கு மருந்து சாப்பிடுறேன். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"அப்போ இந்த ஊசி போடவே கூடாதுக்கா. உயிருக்கே ஆபத்து."

எட்டு மாதம்! தைப்பூசத்தன்று அவள் தண்ணீர்மலைக் கோயில் படி ஏறாமல் அடிவாரத் தண்ணீர்ப்பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேவை செய்ய ஆசைப்படுகிறாள் என்று நினைத்து நான் மட்டும் ஏறிப்போனேன்.

"ஏன் சொல்லல?" என்று காரில் கேட்டேன்.

"சொன்னா மேப்பை மடிச்சி வெச்சிருவீங்க."

பயணத்தை விட்டுவிட்டோம். தாதி திருப்பிக் கொடுத்த அந்தப் படிவம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருந்தவளை ஒருமுறைகூடத் திரும்பிக் கேட்காமல் நான் போட்ட கோடுகள் அதில் வரிசையாக நிற்கின்றன.