சிவப்பு ரோடு

"…பாதி லோடு இன்னும் வண்டியிலதான் கெடக்குது மாப்ள. சரியா வரலன்னா வாயத் தொறந்து சொல்லு," என்றார் அப்பா, டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றபடி. மாமா எடுத்ததையே கேமராவில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்கால் வரை தக்காளிச் சாறோடு நடு ரோட்டில் நின்றிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாலக்கோட்டில் கல்யாணம் காதுகுத்துக்கு வீடியோ எடுப்பவர். எங்கள் பக்கத்து ஆட்களையே வைத்து, நாங்கள் பேசுகிற பேச்சிலேயே ஒரு முழுநீளப் படம் எடுத்துத் தியேட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றுக்குத் துணிந்ததில்லை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மூன்று நான்கு வருடத்தில் ஒரே ஒரு காட்சி தவிர மற்றதெல்லாம் முடித்துவிட்டார். அந்தக் காட்சியில் மட்டும் வரும் விவசாயி ஒருவர், விலை போகாத தக்காளியை ரோட்டில் கொட்டுகிறார். அவர் மகள் அந்தப் பழத்தின் மேலேயே ஓடுகிறாள். அந்த மகள் நான்தான்.

பழத்தை விலைக்கு வாங்கிக் கொட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்டால், "வாங்குன பழத்தக் கொட்டுறவனுக்குக் கை நடுங்காதுங்க," என்பார். நிஜமாக விலை விழுந்து, நிஜமாக ஒருவர் கொட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்கோ தக்காளிதான் சோறு. காலையில் மண்டிக்குப் போன் போட்டு விலை கேட்டுவிட்டு அப்பா சிரித்தால் மாமா முகம் வாடும். மாமா சுறுசுறுப்பாக வளைய வந்தால் அம்மா அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், "நல்லா இருக்கணும்" என்று மட்டும் சாமியிடம் பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

டீக்கடையில் மாமாவைச் சும்மா விட மாட்டார்கள். "என்ன டைரக்டரு, கிளைமாக்ஸு இன்னும் பழுக்கலயா?" மாமாவும் சேர்ந்து சிரிப்பார். என் கவுனைப் பார்க்கும்போது மட்டும் அந்தச் சிரிப்பு போய்விடும். முதல் காட்சியில் நான் போட்டிருந்த அதே நீலக் கவுன். நான் வளர வளர அம்மா கீழ்மடிப்பைப் பிரித்துப் பிரித்து விட்டதில், இனிப் பிரிக்கத் துணியில்லை. "இந்தக் காய்ப்போட சரி. அப்புறம் நீ வேற புள்ளயப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டாள். வேறு பிள்ளை என்றால் அதுவரை எடுத்ததெல்லாம் வீண்.

அந்தக் காய்ப்பில்தான் விலை விழுந்தது. மாமா என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தார். மண்டிக்கு வெளியே கொட்டியிருந்த பழமெல்லாம் அதற்குள் பஸ் சக்கரத்தில் அரைபட்டுச் சேறாகியிருந்தது. மாமா கேமராவோடு, கொட்டப் போகிற ஒருவரிடம் போய் நின்றார். அவ்வளவுதான், ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க வயிறு எரியுது, ஒனக்கு சினிமாவா?"

"புள்ளைக்குப் பவுடர் வேற போட்டுக் கூட்டியாந்திருக்கான் பாரு."

ஒருவர் கேமராவின் வாரைப் பிடித்து இழுத்தார். மாமா அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தார். முதுகில் ஒரு கை விழுந்தது. நான் அவர் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அழக்கூட வரவில்லை.

அப்போதுதான் மண்டி வாசலிலிருந்து அப்பாவின் டிராக்டர் வந்தது. ஏலத்தில் யாரும் கேட்காத லோடு. எங்கள் கொல்லையில் விளைகிற பழத்துக்கு மண்டியில் தனிப் பெயர். எவ்வளவு விலை விழுந்தாலும் அப்பா மாட்டுக்குப் போடுவாரே தவிர ரோட்டில் கொட்டியதில்லை. இறங்கி வந்தவர், "கைய எடுங்க. அவன் எங்க வூட்டுப் பையன்," என்றார். விலகினார்கள். பிறகு மாமாவிடம், "எங்க கொட்டணும்?" என்றார்.

"வேணாங்க மாமா. நீங்க வேணாம்," என்றார் அவர். அக்கா வீட்டுக்காரர் என்பதால் அப்பா அவருக்கு மாமா.

"எங்கன்னு கேட்டேன்."

கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தினார். துண்டைத் தலையோடு சேர்த்து முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று பழம் நிரப்பிய பிளாஸ்டிக் கிரேட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொட்டினார். நான் சொல்லிக்கொடுத்தபடி ஓடினேன். பாதி லோடு இறங்கியதும் மாமா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அதன்பின்தான் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதி லோடு இன்னும் வண்டியில் கிடக்கிறது என்று அப்பா சொன்னதும் அப்போதுதான்.

"போதுங்க மாமா. இதுவே போதும்," என்று கடைசியில் சொல்லிவிட்டுக் கேமராவை மூடப் போனார் மாமா.

எனக்கென்ன தெரியும்? "போதாதுப்பா. நீங்க அந்தப் பக்கமா திரும்பி நின்னுட்டீங்க. மூஞ்சியே தெரியல," என்றேன்.

"ஏய், சும்மா இரு."

மாமா என்னை ஒருநாளும் அப்படி அதட்டியதில்லை. மண்டி வாசலில் நின்றவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். அப்பாவுக்குக் கேமரா என்றால் கூச்சம், கல்யாண வீட்டில்கூடக் கடைசி வரிசையில் நிற்கிறவர்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கூச்சம் போகட்டும் என்று அவரைப் பார்த்து நன்றாகச் சிரித்தும் வைத்தேன்.

அப்பா வண்டிமேல் ஏறினார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். கேமராவைப் பார்க்கத் திரும்பி நின்று, அடுத்த கிரேட்டைத் தூக்கினார்.