ஓசூரில் கழற்றிவிட்ட பெட்டி

ஓசூர் ஸ்டேஷனில் எங்கள் பெட்டியை மட்டும் ரயிலிலிருந்து கழற்றுகிறார்கள். சக்கரத்தில் புகை.

“இங்கயே சரி பண்ணக் கூடாதா தம்பி? பெங்களூர் ஆஸ்பத்திரியில எம்பொண்ணு பிரசவ வலியில இருக்கா” என்கிறேன்.

சக்கரத்தருகே குனிந்திருந்த ரயில்வே ஃபிட்டர் நிமிர்கிறார். “எனக்குத் தெரிஞ்ச வேலைதாண்ணா. ஆனா சக்கரத்தை டிப்போவுலதான் பிரிக்கணும்னு சட்டம். இதுக்கும் வைத்தியம் பெங்களூர்லதான். நீங்க முன்பெட்டிக்கு வாங்க.”

என் பையைத் தூக்கிவந்து ஏற்றிவிடுகிறார். மகளுக்கென்று முருகன் கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்றில் கொஞ்சம் அவர் கையில் வைக்கிறேன்.

ரயில் நகர்கிறது. ஜன்னல் வழியே பார்க்கிறேன். அவர் நெற்றியில் இடவில்லை. திரும்பிப் போய், தனியாக நிற்கும் அந்தப் பெட்டிக்குப் பூசிவிடுகிறார்.