மாடி அறைக்கு ஆள் வேண்டும்

திருப்பதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்களும் ஒரு குடித்தனமும் இருக்கிறோம். வாடகைக்கு விடும் மாடி அறையில் என் மகன் இருந்தான். இருபத்தாறு வயது. அங்கே பரணில் கஞ்சாப் பொட்டலத்தைப் பார்த்ததும் அவன் கண்ணெதிரிலேயே கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

"ஆஸ்பத்திரிக்கு வரியா, ரூம காலி பண்றியா? போலீஸ் வந்தா கீழ கீறவங்களும் தெருவுல நிக்கணும்."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு பாகாலாவில் இருக்கும் ஒரு நண்பனிடம் போனான். அன்றைக்கே வாசலில் டூலெட் போர்டு மாட்டினேன். பிறகு அவனாகவே ஆஸ்பத்திரியில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் போர்டைக் கழற்றவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, மாடி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தால், கேட்டருகே அவன். தோளில் பை, கையில் பால் பாக்கெட். புதிதாகக் குடி வருகிறவர்கள்தானே பால் காய்ச்ச வாங்கி வருவார்கள்! துடைப்பத்தோடே படியிறங்கி ஓடினேன்.

"போர்டு தொங்கிக்கினு கீதே, ரூம் காலியா?" என்றான்.

"காலிதான். ஆனா இன்னொரு சாவி என்கிட்ட இருக்கும். கேக்காம தெறந்து பாப்பேன்."

"பாத்துக்கோ."

அடுப்பைப் பற்றவைக்க இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. பால் பொங்கி வழிந்தது.

"இத்தன நாளா யாருமே வந்து கேக்கலியாம்மா?"

"யாரும் வரல" என்றேன்.

ஐந்து பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.