கற்பூரம் காட்டும் ரீல்ஸ்

சங்கரன்கோவிலில் நானும் என் மனைவியும் நைட்டி தைத்து விற்கிறோம். நான்கு தையல் மெஷின்தான். எல்லோரும் ஆன்லைனில் வாங்கத் தொடங்கியதும் கடைக்காரர்கள் எங்களிடம் எடுப்பது குறைந்தது. சிவகிரியில் இருக்கும் மச்சினன் கடைகளுக்கு ரீல்ஸ் எடுத்துப் போடுகிறவன். அவனை வரச் சொன்னேன்.

நைட்டிகளை விதவிதமாக எடுத்துப் போட்டான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் மெஷின்களுக்குக் கற்பூரம் காட்டுவதை எடுத்துப் போட்டான். அதை ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள், ஆர்டரும் வந்தது. அம்பாள் கண் திறந்துவிட்டாள் என்று நம்பினேன்.

அடுத்த வாரம், "அத்தான், தீபம் சரியா விழல. இன்னொரு தடவ ஏத்துங்க. கண்ண மூடி நல்லா உருகுங்க" என்றான்.

"ஏலே, அவரு சாமிக்குக் காட்டுதாரா, ஒனக்குக் காட்டுதாரா?" என்றாள் என் மனைவி.

"சாமிக்கு ஒரு தடவ போதும்க்கா. போன்ல பாக்குதவனுக்குத் தெளிவாத் தெரியணும்லா."

நான் சிரித்துக்கொண்டே மறுபடி ஏற்றினேன். மூன்றாம் தடவையும் ஏற்றினேன்.

பிறகு நானே போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுக்கப் பழகினேன். போன வெள்ளிக்கிழமை தட்டில் கற்பூரம் வைத்த பிறகு பார்த்தால் போனில் சார்ஜ் இல்லை. சார்ஜரில் சொருகிவிட்டு, தட்டும் கையுமாக அம்பாள் படத்தின் முன்னால் காத்து நின்றேன். மனைவி தட்டை வாங்கி, தானே ஏற்றிக் காட்டினாள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. இவ்வளவு நல்ல வெளிச்சம் வீணாகப் போகிறதே என்றுதான் தோன்றியது.