அகப்பைச் சத்தம்

எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் ஒரு மர அகப்பை தொங்குகிறது. அதன் ஒரு பக்க விளிம்பு தேய்ந்து சப்பையாகிச் சற்றுச் சரிந்திருக்கும். ஒரு பெண் பல வருசம் ஒரே பாத்திரத்தின் அடியை ஒரே பக்கமாகச் சுரண்டிக் கிண்டியதால் வந்த தேய்வு அது. அந்தப் பெண்ணை நான் கண்டதில்லை. நான் அவரைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆனாலும் அவருடைய கை எந்தப் பக்கம் சாய்ந்தது, எவ்வளவு அழுத்தியது என்று எனக்குத் தெரியும். அந்த அகப்பையைப் பிடித்தால் யாருடைய கையும் அவர் கை போன வழியேதான் போகும். அவர் எங்கள் போர்மனின் மனைவி.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டில் நான் பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இந்த நாட்டில் வேலை கிடைத்ததே முருகன் செயல். எங்களை வேலை வாங்குகிற போர்மன் ஸ்கொட்லாந்துக்காரர். நிலையில் தலை இடிக்கும் உயரம், இரண்டு கையிலும் பச்சை குத்தியிருப்பார். அவருடைய ஆங்கிலம் மற்ற வெள்ளைக்காரருக்கே விளங்காது. எனக்கு எல்லா ஆங்கிலமும் ஒரே அளவு கஷ்டமானபடியால் அவருடையது மட்டும் கூடுதல் கஷ்டமாகத் தெரியவில்லை. அவர் சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். முதல் நாள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, "என்னடாப்பா, சுவரிலை முட்டிப்போட்டு வாறியோ?" என்று கேட்டார். "இல்லை போஸ், சாமி கும்பிட்டிட்டு வாறன்" என்றேன். "அப்ப எனக்கும் சேர்த்துக் கும்பிடு. எனக்கு நேரமில்லை" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு காலையும், "எனக்குக் கும்பிட்டியோ?" என்று கேட்காமல் வேலையைத் தொடங்க மாட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். நான் உண்மையாகவே கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் கோயில் குசினியில் கிண்டிக் கொடுப்பது என் தொண்டு. ஒரு சனிக்கிழமை மிஞ்சிய சர்க்கரைப் புக்கையை, அதுதான் பொங்கலை, வேலைக்குக் கொண்டுபோனேன். போர்மன் சாப்பிட்டுவிட்டு, "இதை ஆர் கிண்டினது?" என்றார். நான்தான் என்றேன். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். வேலை முடிந்து போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, தொண்டையைச் செருமிச் செருமி விசயத்தைச் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், மெல்பேர்னில். தாய் செத்தபிறகு தகப்பனுக்கும் மகளுக்கும் இடையில் பேச்சுச் சுருங்கி, ரெலிபோனில் அங்கே மழையோ, இங்கே வெயிலோ என்ற அளவுக்கு வந்துவிட்டது. இப்போது அவளுக்குக் கல்யாணம். அவர்களுடைய ஊரில் கல்யாணச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு இனிப்பை ரிபன் கட்டி வைக்கும் வழக்கம் உண்டாம். சீனி, பட்டர், தகரத்தில் வரும் கெட்டியான ரின்பால் போட்டுக் காய்ச்சி, கை சோரச் சோர அடித்து, தட்டில் ஊற்றி வெட்டுகிற இனிப்பு. பெயர் ரப்ளட். மகள் கேட்டது அது ஒன்றைத்தான். "அப்பா, எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அம்மாவின்ரை ரப்ளட் மேசையிலை இருக்கவேணும். கடையிலை வாங்கினது வேண்டாம்." இவர் ஓம் என்று சொல்லிவிட்டார். மனைவியோ ஒரு துண்டுக் கடதாசியிலும் செய்முறை எழுதி வைக்கவில்லை. தனியே செய்து பார்த்தாராம். ஒருமுறை கல்லாய் வந்தது, ஒருமுறை பாணியாய் ஓடியது. பெட்டி தூக்கிப் பழுதான வலத்தோள் அடிக்க விடவில்லை. "அவள் இவ்வளவு காலத்திலை என்னட்டைக் கேட்டது இது ஒண்டுதான். உன்ரை கையைத் தா" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு நானும் என் மனுசியும் குவேக்கர்ஸ் ஹில்லில் அவர் வீட்டுக்குப் போனோம். வெறுங்கையோடு ஒரு வீட்டுப்படி ஏறாத மனுசி, எங்கள் வளவு எலுமிச்சையில் காய்த்த தேசிக்காயை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். "மருந்துக் குளிசைக்கும் ரப்ளட் எண்டுதானே பேர்? காய்ச்சல்காரரோ கல்யாணத்துக்கு வருகினம்?" என்று வழியெல்லாம் சிரித்தாள்.

போர்மன் புதிதாக வாங்கிய பெரிய இரும்புக் கரண்டியை என்னிடம் தந்தார். சீனியும் பட்டரும் பாலும் கரைந்து கொதித்தன. ரின்பால் விட்டோம். கலவை பொங்கி, பொன்னிறமாகி, குளிர்தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டு வந்தது. இறக்கி அடித்தேன். எவ்வளவு அடித்தும் தேன் மாதிரி மினுங்கிக்கொண்டே இருந்தது. தட்டில் ஊற்றிக் காத்திருந்தோம். போர்மன் விரலால் குத்தினார், விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் மனுசி என் காதுக்குள், "இஞ்சாருங்கோ, அவர் தட்டுக் கழுவப் போகேக்கை நான் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டனான். பாகு பூத்துப்போகாமல் இருக்கட்டுமெண்டு" என்றாள்.

எங்களில் பாகு காய்ச்சத் தெரிந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். சீனி திரும்பவும் மணிமணியாய்ப் பூத்துவிட்டால் எங்களுக்குப் பலகாரம் பழுது. இந்த இனிப்போ பூக்கவேண்டும். பூப்பதுதான் இனிப்பே. நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் போர்மன் பாணி ஒட்டிய விரலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அந்த வீடு அதிரச் சிரித்தார். "என்ரை மனுசி இருந்திருந்தால் உனக்கு அகப்பையாலை ரெண்டு விழுந்திருக்கும்!" மனுசி விடவில்லை. "பூத்த பாகைத்தான் தின்னுவினமெண்டு ஆர் கண்டது? எங்கடை ஊரிலை பாகு பூத்தால் மாமியாரிட்டை வாங்கிக் கட்டவேணும் எண்டு சொல்லுங்கோ!" நான் சொன்னேன். அவர் அந்தப் பாணியைப் பாண் துண்டுகளில் பூசிச் சாப்பிட்டுக்கொண்டே அடுத்த பானையை ஏற்றினார்.

இரண்டாவது தடவை தேசிக்காய் இல்லை. ஆனால் எப்போது அடிப்பதை நிறுத்துவது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. போதும்போல இருக்கிறது என்று ஊற்றினோம். சேறுபோலக் கிடந்தது. போர்மன் குசினிக் கதிரையில் இருந்து, பச்சை குத்திய கைகளை மேசையில் போட்டபடி சொன்னார்: "நான் ஒருநாளும் இதிலை நிண்டு பார்க்கேல்லை. அங்கைதான் இருப்பன், கால்பந்து பார்த்துக்கொண்டு. முடியிற நேரம் கூப்பிடுவாள். தட்டைப் பிடிச்சுக் குடுத்திட்டுத் திரும்பிப் போவன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மகளுக்கு இதையே சொல்லவேண்டியதுதான்." அவர் கை காட்டிய இடத்தில், விறாந்தைப் பக்கமாக, ரீவிக்கு முன்னால் ஒரு பழைய சாய்மனைக் கதிரை இருந்தது.

அவரே அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அதில் இருந்தார். குசினிக்கு முதுகைக் காட்டியபடி. ரீவியைப் போடவில்லை. "இன்னொருக்காக் காய்ச்சு" என்றார் அங்கிருந்தபடியே. காய்ச்சி இறக்கி, இரும்புக் கரண்டியை எடுத்து இரண்டு அடி அடித்திருப்பேன், "அது இல்லை! மேசை லாச்சிக்குள்ளை மர அகப்பை கிடக்கு. அதின்ரை சத்தம் வேறை" என்று குரல் வந்தது.

நான் அந்தத் தேய்ந்த அகப்பையால் அடிக்கத் தொடங்கினேன். முதலில் சளக் சளக் என்று ஈரச் சத்தம். "இல்லை" என்றார். கொஞ்சம் இறுகியது. சத்தம் கனத்தது. "இல்லை. இன்னும்." என் தோள் எரிந்தது. மனுசி பாத்திரத்தைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வாய்க்குள் தேவாரம் சொன்னாள். திடீரென்று அகப்பையின் அடியில், ஈர மணலை இழுப்பதுபோல, சர் என்று ஒரு சிறு உராய்வு. எனக்கே அது கேட்டதோ இல்லையோ என்ற அளவுதான். இந்தமுறை "இல்லை" வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் எழும்பி நின்றார். யாரும் கூப்பிடாமலே, தட்டைப் பிடிப்பதற்காக இரண்டு கையையும் நீட்டியபடி குசினிக்குள் வந்துகொண்டிருந்தார். தான் எழும்பியதே அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஊற்றினோம். பார்த்துக்கொண்டிருக்கவே ஓரத்திலிருந்து மினுக்கம் மறைந்து, நடுவரை மங்கி, முழுத்தட்டும் சந்தனம்போல அமைதியாகியது. கத்தியால் கோடு போட்டு, ஆறவிட்டு உடைத்தபோது 'டக்' என்று பிரிந்தது. முதல் துண்டை என்னிடம் நீட்டினார். "படைக்காமல் நான் வாயிலை வைக்கிறதில்லை போஸ்" என்றேன். அவர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு கொண்டுபோய் ரீவிக்கு மேலே இருந்த மனைவியின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தார். அடுத்த துண்டைத் தான் கடித்தார். மென்றபடியே தலையை ஆட்டினார். மனுசி "முருகா" என்றாள்.

இறைவன் ஒலியாய் இருக்கிறான் என்று கோயிலில் எத்தனையோ தரம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். எனக்கு அது விளங்கினது அந்தக் குசினியில்தான். அந்த மனிசன் மனைவியைக் கவனித்ததில்லை என்று தன்னைத்தானே நொந்துகொண்டிருந்தார். மனம் கால்பந்தில் இருந்திருக்கலாம். ஆனால் செவி அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவர் கவனத்தில் வைக்கத் தவறியதையெல்லாம் யாரோ அவருக்குள்ளே பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். அது யார் என்று எனக்குச் சந்தேகமில்லை.

கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர், ரிபன் கட்டிய ஒரு துண்டை என் கையில் வைத்தார். "ஒரு கடி கடிச்சாள். 'அப்பா, அம்மா செய்யேக்கை நீங்கள் குசினியிலை நிக்கிறேல்லையே, எப்பிடித் தெரியும்?' எண்டு கேட்டாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தனான் பிள்ளை எண்டு சொன்னன்." சொன்ன கையோடு, பெட்டி அடுக்கியது சரியில்லை என்று யாரையோ ஏசிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு நேரங்களில் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே உலாவுவார். மழை, வெயில் பேச்சுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது.

இரண்டு வருசம் கழித்து, பேரப்பிள்ளை பிறந்ததும் வீட்டை விற்றுவிட்டு மெல்பேர்னுக்கே போய்விட்டார். மகளுக்குச் சத்தத்தைச் சொல்லிக் கொடுத்தாயிற்றாம், அவள் தனக்கென்று ஓர் அகப்பையைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாளாம். பழையதை என்னிடம் தந்து, "உன்ரை மனுசிக்குக் குடு. தேசிக்காய் மட்டும் கிட்டக் கொண்டுவரவேண்டாமெண்டு சொல்லு" என்றார். "எனக்குக் கும்பிடு" என்றும் சொன்னார். அந்தமுறை சிரிக்கவில்லை.

இப்போது டூங்கபியில் எங்கள் வீட்டில், பின்னேரங்களில் மனுசி அந்த அகப்பையால் ரவை வறுப்பாள். முன்பெல்லாம் நான் ஹோலில் ரீவியைச் சத்தமாக வைத்து ஊர்ச்செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அவள் அடுப்பை மூட்டினால் ரீவியை நிப்பாட்டிவிடுகிறேன்.

"என்ன, ரீவி பழுதாய்ப் போச்சோ?" என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

"இல்லை. நீ வறு" என்பேன்.

ரவை முதலில் கனமாக இழுபடும். பிறகு மெல்ல மெல்ல இலேசாகி, கடற்கரை மணலைக் காற்று தள்ளுவதுபோல ஒரு சத்தம் வரும். அவள் கூப்பிடுவதற்கு முன்னமே தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போகிறேன்.