சோள மூட்டையில் சைடு டிரம்

தம்பி பிறந்த புதிதில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றும் முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். "தூங்குனாளா?" பிள்ளை எப்படி இருக்கிறான், யார் ஜாடை என்பதெல்லாம் அப்புறம்தான். கேள்வி அம்மாவைப் பற்றியது. பிரசவம் ஆகி வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மாவின் கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. ஹாலில் கிடந்த கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். முந்தானை நுனியை வலது கைக்குள் வைத்து இறுக்கி மூடியிருப்பாள். கூப்பிட்டால் "ம்" என்பாள். அதற்குமேல் பேச்சு வராது. ராத்திரியும் அப்படித்தான், பகலும் அப்படித்தான்.

எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே வைத்தியத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொண்டுவந்தார். அம்மாவுக்குத் தாய் வீடு இல்லாததால் ஒத்தாசைக்கு மீன்சுருட்டியிலிருந்து வந்திருந்த அத்தை, கட்டில் காலில் வேப்பிலையைச் செருகிவைத்தார். அப்பா டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனார். இத்தனைக்கும் அம்மா அசையவில்லை. எனக்கு மட்டும் ஒருவரும் எதையும் விளக்கவில்லை. நச்சரித்துக் கேட்டதற்கு அத்தை, "பாப்பா அழுவுறான்ல, அதான் அம்மாவால தூங்க முடியல" என்று முடித்துவிட்டார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அப்படியானால் குற்றவாளி தம்பிதான். அவன் ஒழுங்காகத் தூங்கிவிட்டால் அம்மா எழுந்து வந்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். கணக்கு அவ்வளவுதான்.

ஒருநாள் அப்பா கொல்லைப்பக்கம் நின்று அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்த வாரம் பாக்கலாம்க்கா. இல்லன்னா திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய ஆஸ்பத்திரில சேக்கணும்னு சொல்றாங்க. எத்தன நாளு அங்க வச்சிருப்பாங்களோ, ஒண்ணும் தெரியல." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதுவும் இந்தப் பொடியனால்! தூளிக்குள் எட்டிப் பார்த்து, "தூங்கித் தொலையேன்டா" என்று கெஞ்சினேன். அவன் கொட்டாவி விட்டான்.

இதற்கு நடுவில்தான் பள்ளிக்கூடத்து பேண்டு செட்டில் என்னைச் சேர்த்தார்கள். ஆறாம் வகுப்பு. சைடு டிரம் வாசித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவள் உயரத்துக்கு வாங்கிய டிரம்மின் தோள் வாரை எனக்காக நான்கைந்து முடிச்சுப் போட்டுச் சுருக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வாசித்த லட்சணத்தை என்னவென்று சொல்ல! குச்சிகளை உலக்கையைப் பிடிப்பதுபோல் பிடிப்பேன். தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். நாக்கு தானாக வெளியே வந்து பல்லுக்கு நடுவில் நிற்கும். கை இறுக இறுக வேகமும் கூடும். விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்தபோது, லெஃப்ட் ரைட் என்று கம்பீரமாகக் கிளம்பிய பிள்ளைகள் மைதானத்தின் பாதியைத் தாண்டுவதற்குள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். கொடி பிடித்திருந்த அண்ணன் கொடியோடு ஓடினான்.

"ஏய், கடைசி பஸ்ஸ புடிக்கப் போறியா?" என்று கத்தினார் பி.டி. சார். "கைய லூசா விடு!"

எதற்கெடுத்தாலும் அவருக்கு அந்த ஒரு மந்திரம்தான், லூசா விடு. அவர் சொன்னதும் என் கை இன்னும் இறுகும். தூங்கு தூங்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் யாருக்காவது தூக்கம் வருமா? கடைசியில் அவர், "இன்னொரு தடவ ஓடுன, டிரம்ம வேற ஆளுக்குக் குடுத்துருவேன், பாத்துக்க" என்றார். பழகுவதற்குக் குச்சிகளை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போக விட்டார்.

வீட்டில் முதலில் எவர்சில்வர் குடத்தின் முதுகில் வாசித்துப் பார்த்தேன். இரண்டு தட்டுத்தான் தட்டியிருப்பேன். அத்தை அடுப்பங்கரையிலிருந்து பாய்ந்து வந்தார். "ஏண்டி, இது என்ன எழவு வூடா, கொட்டடிச்சிக்கிட்டுக் கெடக்க? பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கா, சின்னப்புள்ள கெடக்கு. குச்சிய அடுப்புல வச்சிருவேன், ஆமா!" குடம் உள்ளே போய்விட்டது. குச்சிகளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு ஒரு வேலை உண்டு. அத்தை ஆட்டைப் பிடித்துக் கட்டி, தண்ணீர் எடுத்து, உலை வைக்கும்வரை தம்பியின் தூளியை ஆட்ட வேண்டும். உத்திரத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல்சேலையைத் தூளியாகக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுநுனியை என் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வேன். காலை நீட்டி மடக்கினால் தூளி ஆடும். முதுகைச் சாய்த்துக்கொள்ளப் பின்னால் மக்காச்சோள மூட்டைகள். விலை ஏறட்டும் என்று அப்பா ஹாலிலேயே அடுக்கிவைத்திருந்தார். ஒருநாள் சும்மா திரும்பி ஒரு மூட்டைமேல் குச்சியால் தட்டினேன். சத்தமே வெளியே போகவில்லை. தொம்மென்று ஒன்று, அதன் அடியில் சோளம் அசையும் சின்ன சரசரப்பு. அடுப்பங்கரையில் இருந்த அத்தைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அப்பாடா, எனக்கு டிரம் கிடைத்துவிட்டது.

சனியன் பிடித்த வேகம் அங்கேயும் விடவில்லை. கை ஓடினால் கூடவே காலும் ஓடும். கால் ஓடினால் தூளி வெட்டி வெட்டி இழுபடும். தம்பி வீறிடுவான். தூளி எத்தனை பேர் சொன்னாலும் கேட்காது. அதற்கென்று ஒரு நடை உண்டு. போய், அந்தக் கோடியில் ஒரு மூச்சு நின்று, பிறகுதான் திரும்பி வரும். அதை அவசரப்படுத்தவே முடியாது. வேறு வழியில்லாமல் நான் அதன் பின்னால் போனேன். தூளி போகும்போது வலது கை, வரும்போது இடது கை. நடுவில் இரண்டு சின்னத் தட்டு. கோடியில் அது நிற்கிற அந்த இடத்தில் நானும் சும்மா இருக்க வேண்டும். அப்படிச் சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம் மறுபடி கை ஓடியபோது, கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எங்கடி ஓடுற?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா! எத்தனை நாள் கழித்து என்னிடம் பேசுகிறாள்! திரும்பிப் பார்த்தேன். அதே சுவர், அதே முதுகு. நான்தான் கனவு கண்டேனோ என்று நினைத்தேன். ஆனால் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அம்மாவின் கால் கட்டைவிரல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. மறுபடி வாசித்தேன். நான் ஓடினால் விரல் நின்றுவிடும். தூளியோடு போனால் விரலும் கூட வரும். பி.டி. சாரைவிட இந்த வாத்தியார் எவ்வளவோ தேவலை, திட்டுவதில்லை. அதற்குப் பிறகு தினமும் அந்த விரலைப் பார்த்துத்தான் வாசித்தேன்.

திருச்சிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய நாளும் வந்தது. அன்றைக்கே சோளத்தைப் போட்டுவிடலாம் என்று அப்பா வியாபாரியை வரச்சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் வழக்கம்போலக் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது இவனைத் தூங்கவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அம்மா இல்லை. அதற்காகவே நிறுத்தாமல் வாசித்தேன். முதலில் முன்னங்கை வலித்தது. பிறகு தோள். அப்புறம் குச்சியை இறுக்கிப் பிடிக்கவே தெம்பில்லை. விரல்கள் தாமாகத் தளர்ந்துவிட்டன. கீழே விழாத அளவுக்குத்தான் பிடித்திருந்தேன். அப்போதுதான் ஒரு வேடிக்கை நடந்தது. அடித்ததும் குச்சி தானாக மேலே எழுந்தது. நான் தூக்கவேண்டியதே இல்லை. அது எழும், நான் விடுவேன், அது விழும். அடடா, இவ்வளவு நாளும் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேனே! கை வலி போன இடம் தெரியவில்லை. தூளியும் குச்சியும் சோளத்தின் சரசரப்பும் ஒன்றாகப் போயின, நான் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

தூளித் துணியை விலக்கிப் பார்த்தேன். படுபாவி, கண்ணைக் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தான்! கையைச் சப்பிக்கொண்டு, என் கையிலிருந்த குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை முட்டியது. துணியை இழுத்து மூடிவிட்டுத் தொடர்ந்து வாசித்தேன். அம்மாவின் கால் விரலைப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. என் வாசிப்பு அவளுக்கே சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. லோடு ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேரோடு அப்பா உள்ளே வந்தார். மூட்டையைக் காட்டக் கையை நீட்டியவர் நீட்டியபடியே நின்றுவிட்டார். கட்டிலருகே போய்க் குனிந்து பார்த்தார். அம்மாவின் வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் விரிந்து கிடந்தன, முந்தானை கீழே சரிந்திருந்தது. அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பயந்துபோய்க் குச்சியை நிறுத்தினேன்.

"அடி பாப்பா, அடி. நிறுத்தாத" என்றார், காற்றுப்போல ஒரு குரலில்.

ஆட்களில் ஒருவர், "அண்ணே, அந்த ஓரத்துலேருந்து தூக்கிருவமா?" என்று கேட்டார். அப்பா இரண்டு கையையும் விரித்து அவர்களை ஆட்டுக்குட்டிகளை ஓட்டுவதுபோல வாசலுக்கு ஓட்டினார். வெளியே வியாபாரி அலுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

"வண்டி நிக்குதுங்க. அரியலூர்ல இன்னொரு லோடு கெடக்கு. நாளைக்கு இந்த வெல கெடைக்காதுங்க, சொல்லிட்டேன்."

"கெடைக்கலன்னா போவுது. ஹாரன மட்டும் அடிச்சிராதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஒரு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று மாதக்கணக்காகச் சோளத்தைக் கட்டிக் காத்தவர் பேசுகிற பேச்சா இது! சத்தம் வரக்கூடாதென்று வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை. ஆட்கள் அதைத் தெருமுனைவரை கையாலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். அடுப்பங்கரையிலிருந்து ஈரக்கையோடு வந்த அத்தை என்னையும் குச்சிகளையும் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அத்தை கட்டிலைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார், அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா வாசலிலிருந்து திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேர் கன்னத்திலும் கண்ணீர். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரம்வரை, குறைத்துக் குறைத்து, கடைசியில் சோளத்தின் சரசரப்பு மட்டும் கேட்கும்படி.

அன்று மேளம் அடித்துத் தூங்கவைத்தே அம்மாவைக் குணப்படுத்திவிட்டேன் என்று நான் கதைகட்ட மாட்டேன். திருச்சிக்குப் போய் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டிய அவசியம் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இப்படி வருவதுண்டு, சரியாகிவிடும் என்று அங்கேதான் முதல்முதலாக யாரோ விளக்கிச் சொன்னார்கள். சரியாகத்தான் போயிற்று, மெதுவாக. விளையாட்டு விழாவில் ஒரு பிள்ளையும் ஓடவில்லை. "நான் சொன்ன மாதிரி கைய லூசா விட்டியா, பாத்தியா!" என்று பி.டி. சார் பெருமையை அவரே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தச் சாயங்காலம் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் தோற்றுவிட்டேன் என்பதுதான். குச்சிகளை வைத்துவிட்டு எழுந்தபோது அத்தை என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுத்துப்போனார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயம் போட்டுப் பொரித்து, முழுதையும் என் தட்டில் வைத்தார். "தின்னுடி கண்ணு" என்று தலையைத் தடவினார். நான் தம்பியைத் தூங்கவைத்துவிட்டதாக அல்லவா இவர்கள் நம்புகிறார்கள்! அவன்தான் அங்கே கையைச் சப்பிக்கொண்டு விழித்துக் கிடக்கிறானே! யாராவது தூளியை விலக்கிப் பார்த்துவிட்டால் தட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று, சூடு நாக்கைச் சுடச்சுட, மென்றும் மெல்லாமலும் அவசர அவசரமாக விழுங்கினேன்.